காய்ச்சாத ஒரு சொம்புத் தண்ணீர்

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அந்த வீட்டில் வாய் வலிக்கச் சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. பாங்க் உத்தியோகம், போ என்றால் போக வேண்டியதுதான். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று மாடி வீட்டின் நடு மாடி எங்களுக்கு. மேலே இன்னொரு குடித்தனம். கீழே வீட்டுக்காரம்மா. கணவரை இழந்து ஒரே பெண்ணை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். அவரை எல்லோரும் மாஷிமா என்போம், நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. அவர் என்னைப் பௌமா என்பார், மருமகளே என்று அர்த்தம். வாடகை வாங்குகிறவர் மருமகளே என்று கூப்பிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத ஒன்று தண்ணீர் வரும் வழி. கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் வரும், சாயங்காலம் கொஞ்ச நேரம் வரும். வாசலில் தரைக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் நிரம்பி, பம்ப் போட்டால் மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கித்தான் எங்கள் குழாய்க்கு வரும். அந்தத் தரையடித் தொட்டியை ஒட்டினாற்போல் சாக்கடை ஓடியது. நடுவில் இருந்தது ஒரு பழைய செங்கல் சுவர் மட்டும். 

அதனால் குடிக்கிற தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் காய்ச்சுவேன். கொதி வந்த பிறகும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம். பிறகு வேட்டித் துணியில் வடிகட்டி மண்பானையில் ஊற்றுவேன். நானும் காய்ச்சி, ஊரையும் காய்ச்சச் சொன்னேன். மேல்மாடிக்காரியிடம் இரண்டு முறை சண்டையே போட்டிருக்கிறேன். மாஷிமா ஆரம்பத்தில் சிரித்தார். "எங்க கங்கா ஜலத்துக்கு என்ன குறைச்சல்? நீங்க மதராஸிக்காரங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுவீங்க" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் உடைந்த வங்காளத்தில் பதிலுக்குக் கொட்டிவிட்டு வருவேன்.

அவர் பெண் உண்டாகி அம்மா வீட்டுக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. ஆரம்பத்திலிருந்தே வாந்தியும் மயக்கமுமாக இருந்ததால், ஓய்வாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்ல, ஐந்தாம் மாதமே அழைத்து வந்துவிட்டார்கள். மறுநாள் காலை மாஷிமா என் கதவைத் தட்டினார். "பௌமா, தண்ணியை எவ்வளவு நேரம் கொதிக்க விடணும்? நீ செய்யறதை அப்படியே எனக்குக் காட்டு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே போய், பாத்திரத்தைத் தேய்ப்பதிலிருந்து பானையை மூடுவது வரை செய்து காட்டிவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் ஒரு லொடலொட. என்னைப் பௌதி பௌதி என்று கூப்பிட்டுக்கொண்டு நாளைக்கு நாலு தரம் மாடியேறி வருவாள். பௌதி என்றால் அண்ணி. புளிப்பு என்றால் உயிர். என் வத்தக்குழம்பை வெறும் கையில் விட்டு நக்குவாள். "படியேறாதேடி, வேணும்னா நான் கொண்டு வரேன்" என்றால் கேட்க மாட்டாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அவள் மேல் எனக்கு ஒரு பாசம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் கணவன் வடக்குக் கல்கத்தாவில் ஒரு கூட்டுக் குடும்பத்துப் பையன். காதல் கல்யாணம். மாஷிமாவுக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பெண்டாட்டியை லேக் ஓரமாக நடக்க அழைத்துப் போவான். நடப்பது நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மாஷிமா பின்னாலேயே போய், "வெளியில எதையும் வாங்கிக் கொடுத்துடாதே" என்பார். அவனும் தலையை ஆட்டுவான்.

அந்த மாசியில் குழாய்த் தண்ணீரில் ஒரு நாற்றம் வந்தது. நாளெல்லாம் இல்லை, காலையில் முதலில் திறக்கும்போது மட்டும். தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி மாஷிமாவிடம் சொன்னேன். "பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுல தரையை உடைக்கறதா? பிரசவம் ஆகட்டும் பௌமா" என்றார். நம் பக்கத்திலும் அப்படிச் சொல்வார்கள் என்பதால் நானும் சரி என்று விட்டுவிட்டேன். எப்படியும் காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்ற தைரியம்.

ராமநவமி வந்தது. எங்கள் வீட்டில் பானகமும் நீர்மோரும் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க் கடையில் பாகு வெல்லம் வாங்கி வந்தேன். காலையில் குளித்து மடி கட்டிக்கொண்டு, சொம்பைத் தேய்த்துக் குழாயடியில் பிடித்தேன். இங்கேதான் நீங்கள் என்னை அறைய வேண்டும். மண்பானை நிறையக் காய்ச்சிய தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அது நேற்று ராத்திரி அடுப்பில் ஏறி இறங்கியது, எல்லோரும் கைவிட்டு மொண்டது, ஸ்வாமிக்கு ஆகாது. எங்கள் வீட்டில் ஸ்வாமிக்கு என்று பிடிக்கிற தண்ணீர் அன்றைக்குப் பிடித்த புதுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் செய்கிற மாதிரியே செய்தேன். அதைக் காய்ச்ச வேண்டும் என்று மனசில் தோன்றவே இல்லை. வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும் போட்ட பிறகு எந்த நாற்றம் தெரியப் போகிறது?

அவள் பத்து மணிக்கெல்லாம் மேலே வந்துவிட்டாள். ஒரு டம்ளர் பானகத்தை ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டாவது டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போது நிறுத்தி, "பௌதி, இது காய்ச்சின தண்ணிதானே? மா கேட்டா கொன்னே போட்டுடுவா" என்றாள்.

"ஸ்வாமிக்கு வெச்சதுடி. அது ஒண்ணும் பண்ணாது, குடி" என்றேன்.

குடித்தாள். நீர்மோரும் ஒரு டம்ளர் குடித்தாள். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அதன் பிறகு வங்காளப் புது வருஷம் வந்து போனது. வெயில் ஏறியது. ராமநவமி முடிந்து ஒன்றரை மாதம் இருக்கும், அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சோறு வேண்டாம் என்றாள். மறுநாள் ஜுரம், வாந்தி. வெயிலுக்கு என்று நினைத்தோம். நாலாம் நாள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. தெரு முனை டாக்டர் அவளை ஒரு முறை பார்த்ததுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சாக்கடை கலந்த தண்ணீரில் வருகிற காமாலை இது என்றார், மற்றவர்களுக்கு வந்து போய்விடும், பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே மாஷிமா பிடித்துக்கொண்டது மாப்பிள்ளையை. "என்னடா வாங்கிக் கொடுத்தே என் பொண்ணுக்கு? ஃபுச்காவா?" என்று வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் கத்தினார். ஃபுச்கா என்றால் பானிபூரி. லேக் ஓரத்தில் கூடை வைத்து விற்பார்கள். பெண்கள் அந்தப் புளித்தண்ணீருக்கு உயிரை விடுவார்கள். அவன் இல்லை என்று தன் தாய் மேல் சத்தியம் செய்தான். மாஷிமா நம்பவில்லை. "மூணு மாசமா என் கையால காய்ச்சின தண்ணி. வாய் கொப்பளிக்கக் கூட அதுதான். வேற ஒரு சொட்டு அவ வாயில போகலை. உன்னைத் தவிர வேற யாரு?" என்றார். டாக்டர்கள் அவளிடமும் வெளியில் ஏதாவது குடித்தாயா என்று கேட்டார்களாம். இல்லை என்றிருக்கிறாள். பிரசாதத்தை யார் கணக்கில் வைப்பார்கள்? அவளும் வைக்கவில்லை.

வேற ஒரு சொட்டு என்று மாஷிமா சொன்ன அந்த நிமிஷம் எனக்கு ராமநவமிப் பானகம் ஞாபகம் வந்தது. அந்தச் சொட்டைக் கொடுத்த நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு, "நீ வாயைத் திறக்காதே. சொல்லி என்ன ஆகப் போறது? வந்த ஜுரம் திரும்பிப் போயிடுமா? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லுவா" என்றார்.

"ஏன்னா, அந்தப் பையனை உள்ளே விட மாட்டேங்கறா அவா."

"ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அப்படி ஒருத்தர் தடுத்ததில் உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயை மூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன், நன்றாகவே தெரிந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மாஷிமாவின் துணியைத் துவைத்துப் போட்டேன், கோவிலுக்கு நேர்ந்துகொண்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. அதே பானகத்தைக் குடித்தும் எங்கள் வீட்டில் யாருக்கும் கண் மஞ்சளாகவில்லை. சிலருக்கு வந்ததே தெரியாமல் போய்விடுமாம்.

நாலாம் நாள் ஜமாய் ஷஷ்டி. மாமியார் மாப்பிள்ளையை உட்கார வைத்து விசிறி, வகை வகையாகப் பரிமாறும் நாள் அது. தெருவெல்லாம் புது ஜிப்பா போட்ட மாப்பிள்ளைகள், கையில் ஸ்வீட் பெட்டியும் மீனுமாக மாமியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி கேட்டில் நம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். நாலு நாள் தாடி. கையில் ஒரு இளநீர். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு அட்டை, அதில்லாமல் காவல்காரன் வார்டுக்குள் விட மாட்டான். இரண்டையும் மாஷிமா இடுப்பில் செருகி வைத்திருந்தார். ஒன்றை எனக்குக் கொடுப்பார், அவனுக்கு இல்லை.

என்னைக் கண்டதும் ஓடி வந்தான். "பௌதி, இன்னிக்குக் கண்ணைத் திறந்தாளா? என்னைக் கேட்டாளா?"

அவள் முந்தின நாளிலிருந்தே நினைவு தப்பித் தப்பிப் பேசிக்கொண்டிருந்தாள். பேசியதெல்லாம் அவன் பெயர்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றிவிட்டது.

மாஷிமா மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ராமநவமி, பானகம், குழாயில் பிடித்த தண்ணீர், காய்ச்சவில்லை, அவள் கேட்டாள், ஒன்றும் பண்ணாது என்று சொன்னேன். வங்காள வார்த்தைகள் வரிசை தப்பி வந்தன. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் அப்படியே கல்லாகிவிட்டது.

"அவ கேட்டாளா?"

"கேட்டா."

"நீ குடின்னு சொன்னே."

"ஆமாம் மாஷிமா."

"எனக்குக் காய்ச்சச் சொல்லிக் கொடுத்துட்டு, என் பொண்ணுக்கு விஷத்தைக் கொடுத்தியா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அந்த விஷம் உங்கள் தொட்டித் தண்ணீர், திறந்து பாருங்கள் என்று மாசியிலேயே சொன்னேனே என்று என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே பதில் அதுதான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் படுத்திருந்தாள். அவள் அம்மாவிடம் அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? 

மாஷிமா இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "அவன்கிட்ட கொண்டு போய்க் கொடு. நீ இனிமே உள்ளே வராதே" என்றார்.

 படியிறங்கும்போது நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. கேட்டில் அவனைக் கூப்பிட்டு அட்டையைக் கையில் வைத்தேன். "உங்க மாமியார்கிட்ட சொல்லிட்டேன். தப்பு என்னோடது. காய்ச்சாத தண்ணில பானகம் பண்ணிக் கொடுத்தேன். நீங்க உள்ள போங்க" என்றேன்.

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சின்னப் பையன் மாதிரி விசும்ப ஆரம்பித்துவிட்டான்.

"பௌதி, நான் வாங்கிக் கொடுத்தேன்" என்றான்.

"என்ன?"

"ஃபுச்கா. ரெண்டு ஞாயித்துக்கிழமை. ரொம்பக் கெஞ்சினா, மனசு கேக்கலை. அம்மா மேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். இப்பவே மேல போய் எல்லாத்தையும் சொல்லிடறேன், பழி உங்க மேல வேண்டாம்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? என் பானகம் இல்லாமலும் இருக்கலாம்! அவன் மேலே போய்ச் சொல்லட்டும், நான் மறுபடி பௌமாவாகிவிடலாம். பிறகு அவன் கையில் இருந்த இளநீரைப் பார்த்தேன். காலையிலிருந்து பிடித்திருந்ததில் அதன் மேல் அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இவன் மேலே போய்ச் சொன்னால் அடுத்த நிமிஷம் மாஷிமா இவனைத் துரத்துவார். அட்டை திரும்ப இடுப்புக்குப் போகும். உள்ளே அந்தப் பெண் இவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அவள் பிழைப்பாளா என்று டாக்டர்களே சொல்லவில்லை.

"பேசாதே" என்றேன். அவனை அதுவரை நீங்க என்றுதான் சொல்லி வந்தேன். "பழி ஒருத்தர் தலைல ஏறியாச்சு. அது அங்கேயே இருக்கட்டும். உனக்கு இப்ப வேலை மேல இருக்கு. போய் அவ கையைப் பிடிச்சுக்கோ. வாயைத் திறந்தே, நானே உன்னை அறைவேன்."

போனான். இளநீரை என் கையில் திணித்துவிட்டுப் போனான், பிறகு பாதி வழியில் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு ஓடினான்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரைக் கிளப்பி, ஆளைக் கூட்டி வந்து தொட்டி மூடியைத் தூக்க வைத்தேன். தரையை உடைக்கவே தேவைப்படவில்லை. சாக்கடைப் பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, அதில் கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. மேல்மாடிக்காரிக்கும் அவள் மாமனாருக்கும் அதற்குள் கண் மஞ்சளாகியிருந்தது. தொட்டியை வடித்து, பூசி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் வரை தெருக்குழாயில் பிடித்துக் காய்ச்சினோம். மாஷிமாவுக்கு இதெல்லாம் தெரியும். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. என் பானகமா, அவன் ஃபுச்காவா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெடிப்பைப் பார்த்த பிறகு எனக்குள் சந்தேகம் அதிகமில்லை.

அவள் பிழைத்துவிட்டாள். எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை அகலம் இருந்ததாம். அதுவும் பிழைத்துவிட்டது. எனக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மாஷிமா என்னோடு பேசுவதை அடியோடு நிறுத்தியிருந்தார். படியில் எதிர்ப்பட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். காலி பண்ணச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் படியில் மெட்டி இல்லாத பழகிய காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அவள் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பின்னால் இரண்டு படி கீழே அவள் கணவன். "பௌதி, இவளைப் பார்க்க நீங்க வரவே இல்லையே" என்று சொல்லிக் குழந்தையை என் கையில் போட்டாள். நான் கண்ணைத் துடைப்பேனா, குழந்தையைப் பிடிப்பேனா?

குழந்தைக்கு விக்கல் வந்தது. அந்தச் சின்ன உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

கீழேயிருந்து மாஷிமாவின் குரல் வந்தது. மூன்று மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"அங்கே குழந்தைக்குத் தண்ணி கொடுத்துடாதே!"

படியில் நின்றவன் விருட்டென்று கீழே திரும்பினான். வாயைத் திறந்துவிட்டான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். உதடு துடிக்க அப்படியே நின்றுவிட்டான்.

"கொடுக்கலை மாஷிமா!" என்று கீழே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். விக்கல் தானாக நிற்கும் வரை குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.